ஒரு ஸ்பானரின் சரித்திரம்

பழம்பொருள் சேகரிப்பு என்றதும் நாணயங்களும் தபால் முத்திரைகளும் சீனத்துப் பீங்கான்களுமே நமது நினைவுக்கு வருகின்றன. அரசரும் பிரபுக்களும் விட்டுச் சென்றவற்றை அருமை பாராட்டப் பழகிய நமக்கு, கமக்காரனின் எண்ணெய் படிந்த கருவிப் பெட்டியையும் தேடி அலைவோர் உளர் என்பது சற்று வியப்பாகவே இருக்கும். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் அமெரிக்காவிலும் அத்தகையோர் பலர் இருக்கின்றனர். பழைய உழவு இயந்திரங்களோடு தொழிற்சாலைகள் கொடுத்தனுப்பிய ஸ்பானர்கள், எண்ணெய்க் குப்பிகள், கிறீஸ் துப்பாக்கிகள், இயந்திரத்தைச் சுழற்றி ஓட வைக்கும் இரும்புக் கைப்பிடிகள் ஆகியனவே அவர்கள் தேடும் செல்வங்கள். பண்ணை ஏலங்களிலே, துருப்பிடித்த இரும்புக் குவியலை மணிக்கணக்காகக் கிளறுவார்கள். கருவியிலே பொறிக்கப்பட்டுள்ள கொம்பனியின் பெயரையும் உறுப்பிலக்கத்தையும் கொண்டு, இன்ன இயந்திரத்துக்கு உரியது, இன்ன காலத்தது என்று கணிப்பார்கள்.

இவர்களிடையே ஓயாத விவாதம் ஒன்று உண்டு. அது துருவைப் பற்றியது. சலவைச் சோடா கரைத்த நீரில் கருவியை அமிழ்த்தி, மெல்லிய மின்னோட்டத்தைப் பாய்ச்சித் துருவை நீக்கி, வர்ணம் பூசிப் புதிதுபோல் ஆக்குவோர் ஒரு சாரார். உழைத்த கை பட்டுத் தேய்ந்த தேய்வுதான் சரித்திரம், அதை அழிக்காதீர்கள் என்போர் மற்றொரு சாரார். நாம் பின்னையவர் பக்கமே நிற்கிறோம். வாய் விரிந்துபோன ஒரு ஸ்பானரும், சுத்தியலுக்குப் பதிலாக அடித்து அடித்து நசுங்கிப்போன அதன் முனையும், எந்த அரசாங்க அறிக்கையும் எழுதிவைக்காத சாட்சியங்களாகும். இப்போது பழைய அச்சிலேயே புதிதாகச் செய்த போலிகளும் சந்தைக்கு வந்துவிட்டன. போலிக்கு அந்தத் தேய்வு இல்லை.

இவ்வாறு சேகரிக்கப்படுவனவற்றுள் நமது கவனத்தைக் கவர்ந்தது பெர்குசன் ஸ்பானர். அதன் உடலில் அங்குலக் கோடுகள் வெட்டப்பட்டிருக்கும். பார்ப்பவருக்கு அது ஸ்பானரா, அளவுகோலா என்ற ஐயம் எழும். அது இரண்டும்தான். ஏன் அவ்வாறு செய்தார்கள் என்பதை விளங்கிக்கொள்ளச் சிறிது பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

ஹரி பெர்குசன் 1884 இல் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் ஒரு கமக்காரரின் மகனாகப் பிறந்தவர். முதலாம் உலக யுத்தத்தின்போது, 1917 இல், உழவு இயந்திரங்களின் வேலையைச் சீர்செய்யும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்நாளில் கலப்பையை ஒரு வண்டியைப்போல் இயந்திரத்தின் பின்னே கட்டி இழுத்தார்கள். கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் இயந்திரத்தின் முன்சக்கரங்கள் மேலே எழும். சில வேளைகளில் இயந்திரம் பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டியவனை நசுக்கிவிடும். ஹென்றி போர்டின் மலிவான போர்ட்சன் இயந்திரம் இப்படிப் பலரைப் பலி கொண்டது. பெர்குசன் கலப்பையை இயந்திரத்தோடு மூன்று புள்ளிகளிற் பூட்டி, எண்ணெயின் அமுக்கத்தால் உயர்த்தவும் தாழ்த்தவும் வழி கண்டார். கலப்பையின் இழுவையே இயந்திரத்தை நிலத்தோடு அழுத்தி நிறுத்தியது. இன்று வன்னியிலும் மட்டக்களப்பிலும் வயலில் ஓடும் உழவு இயந்திரத்தின் பின்புறத்தைப் பார்த்தால், அதே மூன்று புள்ளிகளை நாம் காணலாம்.

1946 இல் இங்கிலாந்தின் கவென்றி நகரிலே, யுத்த காலத்தில் விமான எஞ்சின் செய்த பனர் லேன் தொழிற்சாலையில், ஸ்ராண்டட் மோட்டார் கொம்பனி பெர்குசனுக்காக அவரது சாம்பல் நிற ரீ.ஈ.20 இயந்திரத்தை உற்பத்தி செய்யத் தொடங்கியது. பத்து ஆண்டுகளில் 5 இலட்சத்துக்கு மேற்பட்டவை வெளிவந்தன. கலப்பையைப் பூட்டவும் கழற்றவும் திருத்தி அமைக்கவும் ஒரே ஸ்பானர் போதும் என்ற விதியை வைத்தே, நட்டுகளின் பருமன்கள் தீர்மானிக்கப்பட்டன. சக்கரங்களின் இடைவெளியை 4 அங்குலப் படிகளாகக் கூட்டிக் குறைக்கலாம். உழவுசாலின் அகலத்தை அளக்கலாம். அளப்பதற்கு வேறு கோலைத் தேடி வீட்டுக்கு ஓட வேண்டியதில்லை. கையிலிருக்கும் ஸ்பானரே கோல். பட்டறையோ மெக்கானிக்கோ அருகில் இல்லாத சிறு கமக்காரனை மனத்திற் கொண்டு செய்த சிருஷ்டி இது என்பதை மறுப்பதற்கில்லை.

இதைக் கொண்டு பெர்குசனை உழவர் தோழனாக்கிவிடவும் வேண்டாம். சிறு கமக்காரன் கோடிக்கணக்கான வாங்குவோரைக் கொண்ட சந்தை. அவனுக்குச் சிக்கலற்ற பொருளே விற்கும். 1938 இல் கைகுலுக்கிச் செய்த வாய்மொழி ஒப்பந்தத்தை போர்ட் நிறுவனம் முறித்தபோது, பெர்குசன் வழக்காடி 1952 இல் 92 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் பெற்றார். கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்பதே அவ்வழக்கின் சாரம். அந்த ஸ்பானரை அடித்து உருவாக்கிய தொழிலாளி யாருடைய வழக்கிலும் பேசப்படவில்லை.

சேகரிப்போரின் பட்டியல்களில் 1956 முக்கியமானதோர் ஆண்டு. அவ்வாண்டில் ரீ.ஈ.20 நின்றுபோய், சாம்பலும் பொன்னிறமும் கலந்த புதிய 35 வந்தது. வர்ணம் மாறியதை அவர்கள் துல்லியமாக அறிவார்கள். ஆனால் அதே மாற்றத்துக்காகப் பனர் லேனிலே பொறிகளை மாற்றி, மனிதக் கைகளைக் குறைக்கும் தானியங்கி முறையைப் புகுத்த நிர்வாகம் முனைந்தபோது, ஆயிரக்கணக்கானோரின் வேலை கேள்விக்குள்ளாயிற்று. இருக்கும் வேலையை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுங்கள் என்று தொழிற்சங்கத்தினர் கேட்டனர். ஏப்ரல் இறுதியில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தானியங்கி முறையை எதிர்த்து பிரித்தானியாவில் நடந்த தொடக்ககாலப் பெரும் போராட்டங்களில் அதுவும் ஒன்று. முடிவில் ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். பெர்குசனோ 1953 இல் தமது தொழிலைக் கனடாவின் மசி-ஹரிஸ் கொம்பனியோடு இணைத்து, அடுத்த ஆண்டே விலகிவிட்டார். பொன்னிறம் பூசிய 35ஐ வாஞ்சையோடு துடைக்கும் அன்பர்களுள் எத்தனை பேருக்கு அந்த வேலைநிறுத்தம் தெரியும்? ஸ்பானரிலே கொம்பனியின் பெயர் இருக்கிறது. அடித்தவன் பெயருக்கு அதில் இடமில்லை.

ஆயினும் இந்தச் சேகரிப்பை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவதும் தவறு. கருவிப் பெட்டியோடு விற்ற இயந்திரம் ஓர் உரிமையையும் சேர்த்தே விற்றது. பழுதானால் நீயே கழற்று, நீயே பூட்டு என்பது அதன் பொருள். இன்றைய பெரும் இயந்திரங்களிலே கணினியும் உணர்கருவிகளும் நிறைந்துள்ளன. நட்டைக் கழற்ற ஸ்பானர் உண்டு. பழுதைக் கண்டறியும் மென்பொருளோ கொம்பனியின் பூட்டுக்குள் இருக்கிறது. அமெரிக்கக் கமக்காரர் பல ஆண்டுகள் இதனை எதிர்த்துக் குரல் எழுப்பினர். 2023 இல் கொலராடோ மாநிலம், விவசாய இயந்திரங்களைத் திருத்தும் உரிமையைச் சட்டமாக்கியது. 2025 ஜனவரியில், திருத்த வேலையைத் தன் முகவர்களுக்கே ஒதுக்கி ஏகபோகம் செய்கிறது என்று ஜோன் டீயர் கொம்பனிமீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது.

இதனிடையே 1970களிலும் 1980களிலும் செய்த கணினியற்ற இயந்திரங்கள் அமெரிக்க ஏலங்களில் நல்ல விலைக்குப் போகத் தொடங்கின. வாங்கியோர் சேகரிப்போர் மட்டுமல்லர். உழுது பிழைப்போரும் அவர்களுள் இருந்தனர். சாம்பல் நிறப் பெர்குசன்களிலும் ஒரு பகுதி அருங்காட்சியகம் புகவில்லை. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் சிறு நிலங்களிலே அவை இன்றும் வைக்கோல் இழுக்கின்றன, புல் வெட்டுகின்றன. அவற்றின் சொந்தக்காரர் ஏலத்தில் பெர்குசன் ஸ்பானர் ஒன்றைக் கண்டால், அது எந்த ஆண்டினது என்று கேட்பதில்லை. அதன் வாய் விரியாமல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்.