தடைக்கட்டையின் ஆயுள்

மனிதன் வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்ட வரலாற்றை நூல்கள் விரித்துக் கூறுகின்றன. அதே வண்டியை நிறுத்தக் கற்றுக்கொண்ட வரலாறோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வேகத்தின் பெருமை எவர் கண்ணுக்கும் புலனாகும். நிற்கவேண்டிய இடத்தில் வண்டி நில்லாதபோதுதான் நிறுத்துவதற்கென ஒரு கருவி இருப்பதே பலருக்கு நினைவில் வருகின்றது.

மட்டக்களப்பு வாவியின் கிழக்கேயுள்ள கரையை எழுவான்கரை என்றும், மேற்கேயுள்ள கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் படுவான்கரையின் வாயிலாகிய வவுணதீவை அடையலாம். அங்கிருந்து ஆயித்தியமலைக்கும் உன்னிச்சைக் குளத்துக்கும் செல்லும் தெருக்கள் வயல்களினூடே சமதரையில் செல்வன. இத்தகைய நிலத்தில் நெல் மூடை ஏற்றி நடைவேகத்தில் சென்ற மாட்டுக்கரத்தைக்குத் தனியான தடைக்கருவி பெரிதும் வேண்டப்படவில்லை. ஓட்டுபவன் கயிற்றை இழுத்தான், எருதுகள் நடை தளர்ந்தன, சில்லும் நின்றது. எருதின் கழுத்தே அக்கரத்தையின் தடைக்கருவி எனலாம்.

மோட்டார் வண்டி வந்தபின் இந்நிலை மாறியது. எருதுக்குத் தன் நடையைத் தானே தளர்த்தத் தெரியும். எரிபொருளால் ஓடும் வண்டிக்குத் தெரியாது. வேகம் இருமடங்கானால் வண்டி தாங்கும் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகின்றது என்பது இயற்கை விதி. 1,000 கிலோகிராம் எடையுள்ள ஒரு வண்டி மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும்போது, அதனை நிறுத்தினால் வெளிப்படும் வெப்பம் அரை லீற்றருக்கு மேற்பட்ட நீரைக் கொதிக்கச் செய்யப் போதுமானது. அவ்வளவு வெப்பமும் சில நொடிகளில் ஏதோ ஒரு பொருளின்மேல் சுமத்தப்படவேண்டும். அப்பொருள் எதுவாயிருத்தல் வேண்டும் என்ற வினாவே தடைக்கட்டையின் வரலாறு.

முதலில் அது மரமாயிருந்தது. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஜெர்மனியில் கார்ல் பென்சின் மனைவி பெர்த்தா பென்சு, கணவருக்கு அறிவியாமல் தம் புதல்வர் இருவருடன் அவர் அமைத்த வண்டியிலேறி மன்னைம் நகரிலிருந்து போர்ட்சைம் நகருக்குப் புறப்பட்டார். 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அப்பயணத்தில், இறக்கங்களில் மரத்தாலாய தடைக்கட்டைகள் தேய்ந்துபோயின. அம்மையார் வழியிலிருந்த செருப்புத் தைப்பவர் ஒருவரைக்கொண்டு அக்கட்டைகளின்மேல் தோலை வைத்து ஆணி அறைவித்தார். தேய்வதற்கென்றே ஒரு மேற்பொருளை வைத்து, உள்ளிருக்கும் பொருளைக் காப்பது என்னும் எண்ணம் மோட்டார் வண்டியில் முதன்முதல் கையாளப்பட்டது அந்தப் பயணத்திலேயே என்பர்.

இங்கிலாந்தின் டார்பிசயர்ப் பகுதியில் வாழ்ந்த ஏர்பேட் புறூட் என்பார் இவ்வெண்ணத்தை ஒரு தொழிலாக வளர்த்தார். மலைச்சாரலில் இறங்கும் குதிரை வண்டிகளின் தடைக்கட்டைகளை ஆராய்ந்து, 1897ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கினார். அவர் பெயரின் எழுத்துக்களை மாற்றியமைத்து, மனைவி பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து ஆக்கிய பெயரே பெரோடோ என்பது. பருத்தியும் பிசினும் கடும் வெப்பத்தில் கருகின. ஆகவே, 1908ஆம் ஆண்டளவில் அவர் கல்நாரைக் கையாண்டார். தீக்கும் அஞ்சாத அந்நார் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு காலம் உலகின் வண்டிகளையெல்லாம் நிறுத்தியது.

அதற்கு மனிதர் கொடுத்த விலை பெரிது. இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் கல்நார் நூற்ற நெல்லி கேர்சோ என்னும் பெண் 1924ஆம் ஆண்டில் தம் முப்பத்து மூன்றாம் வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலில் கல்நார்த் துகள் படிந்திருந்ததை ஒரு மருத்துவர் கண்டு அவ்வாண்டே எழுதினார். அறிவு அன்றே பிறந்துவிட்டது. செயல் பிறக்கப் பல பத்தாண்டுகள் சென்றன. பிரித்தானியா 1999ஆம் ஆண்டிலேயே கல்நாரை முற்றாக விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2005ஆம் ஆண்டில் விலக்கியது. இடைப்பட்ட காலத்தில், தேய்ந்த கட்டையைக் கழற்றி, உள்ளே படிந்த தூசியை வாயால் ஊதித் துப்புரவாக்கிய பட்டறைத் தொழிலாளர் உலகெங்கும் எண்ணற்றவர். வண்டியிலிருந்தோர் உயிரைக் காத்த பொருள், வண்டியைத் திருத்தியோரின் மூச்சைக் குறைத்தது.

தடைக்கட்டையின் துணையாகிய தட்டின் கதை வேறு. பட்டறைகளில் டிஸ்க் என வழங்கும் இத்தட்டினை, 1902ஆம் ஆண்டிலேயே பேமிங்காமைச் சேர்ந்த பிரெடெரிக் லாஞ்செசுற்றர் காப்புரிமை பெற்று அமைத்தார். ஆயினும், செம்புக் கட்டைகள் புழுதித் தெருவில் விரைவில் தேய்ந்தன, பேரோசையும் எழுப்பின. ஆகவே, சில்லின் உள்ளே மூடுண்டிருக்கும் டிறம் என்னும் உருளி முறையே நெடுங்காலம் ஆண்டது. 1953ஆம் ஆண்டில் பிரான்சின் லெ மான் நகரில் நடந்த 24 மணிநேரப் பந்தயத்தில், டன்லப் நிறுவனத்தின் தட்டுகள் பூட்டிய ஜாகுவார் வண்டி வென்றது. உருளி தன் வெப்பத்தைத் தானே அடைத்து வைத்துக்கொண்டு சோர்ந்தது. தட்டு காற்றில் சுழன்று ஆறியது. 1955ஆம் ஆண்டில் சித்ரோயன் டீ.எஸ். வண்டி தட்டினைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தது.

இலங்கைத் தெருக்களிலோ அக்காலத்தில் ஓடிய மொறிஸ் மைனர் முதலிய வண்டிகள் நான்கு சில்லுகளிலும் உருளியே கொண்டவை. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977ஆம் ஆண்டில் திறந்த பொருளாதாரக் கொள்கை வரும்வரை உதிரிப்பாகம் அருமையாகவே இருந்தது. தேய்ந்த லைனரைக் கழற்றி, பழைய இரும்புச் சட்டத்திலேயே புதிய லைனரைச் செப்பு ஆணியால் அறைந்து பூட்டும் கைத்தொழிலே அக்கால வண்டிகளை ஓடச்செய்தது. தமிழகத்தில், பாடியில் பிறேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962ஆம் ஆண்டில் தோன்றியது. அதனால் அந்நாடு இக்கருவிகளைத் தானே ஆக்கிக்கொள்ளத் தொடங்கியது.

படுவான்கரை இதனினும் கடுமையான பஞ்சத்தைக் கண்டது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் வாவியின் மேற்குக் கரையில் பெரும்பகுதி 2007ஆம் ஆண்டு வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. எரிபொருளும் உதிரிப்பாகமும் தடையின்றிக் கரை கடக்கவில்லை. பின்னர் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வண்டிகளுக்கு 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் வழி திறந்தது. கிடைத்த வண்டியைக் காக்கவேண்டிய காலம் ஆதலின், ஒரு தடைக்கட்டை எவ்வளவு நாளைக்கு உழைக்கும் என்ற வினா வீட்டுக் கணக்கிலும் இடம்பெறுவதாயிற்று.

அதற்கு ஆண்டுக் கணக்கில் விடை கூற இயலாது. பொதுவாக, முன்சில்லின் கட்டைகள் 30,000 முதல் 70,000 கிலோமீற்றர் வரை உழைக்கும் என்பர். ஆனால், செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்கு அடிக்கடி ஏறி இறங்கும் வண்டியும், வவுணதீவின் வயல்தெருவில் ஓடும் வண்டியும் ஒரே தூரத்தில் ஒரே அளவு தேய்வதில்லை. கடல்மட்டத்தை ஒட்டிய சமவெளிக்கும் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளைக்கும் இடையே இறங்கும் வண்டி, தாழ்ந்த கியரில் எஞ்சினையே தடையாகக் கொள்ளாவிடின், அந்த உயரம் முழுவதையும் தன் கட்டைகளிலேயே தேய்த்து இறங்குகின்றது. சமவெளிக்கும் தனிப்பகை உண்டு. கிறவல் தெருவின் மணல் கட்டைக்கும் தட்டுக்கும் நடுவே புகுந்து அரத்தைப்போல் அராவும். உப்புக் காற்றும் வெள்ள நீரும் வார்ப்பிரும்புத் தட்டில் துருவை ஏற்றும்.

ஆகவே நம்பத்தக்க அளவு தூரமன்று, தடிப்பேயாகும். புதிய கட்டையின் உராயும் பகுதி 10 முதல் 12 மில்லிமீற்றர் வரை தடித்திருக்கும்; 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மாற்றுதல் வேண்டும். தட்டின் குறைந்தபட்சத் தடிப்பு எவ்வளவு என்பது பெரும்பாலும் அத்தட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். வழமையாக ஒரு தட்டு இரண்டு மூன்று சோடிக் கட்டைகளுக்கு ஈடுகொடுக்கும். சில கட்டைகளில், எல்லை நெருங்கும்போது தட்டில் உரசிக் கீச்சிடும்படி ஓர் இரும்பு நாக்கு அமைந்திருக்கும். அவ்வொலியைப் பொருட்படுத்தாது ஓட்டுபவர், கட்டையின் முதுகிலுள்ள இரும்பு தட்டினை அறுக்கும் நாளில் இரண்டுக்கும் சேர்த்து விலை கொடுப்பர். தட்டுக்கு விலை உண்டு. தெருவைக் கடக்கும் பள்ளிச் சிறுவனுக்கு விலை ஏது?

அண்மைக் காலத்துக் கலப்பின வண்டிகள் நிற்கும் ஆற்றலின் ஒரு பகுதியை மின்னாக மாற்றிச் சேமிக்கின்றன. அதனால் அவற்றின் கட்டைகள் 1,00,000 கிலோமீற்றரையும் தாண்டி உழைப்பதுண்டு. ஆயினும் அவற்றுக்கு வேறொரு குறை நேர்கின்றது: வேலை குறைந்த தட்டில் துரு படிகின்றது, அசையாத பாகங்கள் இறுகிவிடுகின்றன. முன்னையவை உழைத்துத் தேய்ந்தன. இவை உழையாமல் கெடுகின்றன. வாவிக்கரையில் வாழ்வோர் கட்டை தடித்திருக்கின்றது என்று மட்டும் கண்டு அமைதியடைதல் ஆகாது.

தேய்ந்த பொருள் எங்கே செல்கின்றது என்ற வினாவும் எழுந்துள்ளது. கட்டையில் கலந்த செம்பு தூளாகித் தெருவில் படிந்து, மழைநீரோடு ஆற்றை அடைந்து, மீன்களின் மோப்ப உணர்வைக் கெடுப்பது கண்டறியப்பட்டது. அமெரிக்காவின் வாசிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் 2010ஆம் ஆண்டில் இதற்கெனச் சட்டம் இயற்றி, 2025ஆம் ஆண்டுக்குள் செம்பின் அளவை நூற்றுக்கு அரைப் பங்குக்கும் கீழே கொண்டுவரப் பணித்தன. 56 கிலோமீற்றர் நீண்டு கிடந்து மீனும் இறாலும் தரும் மட்டக்களப்பு வாவியை நம்பி வாழ்வோருக்கும் இச்செய்தி அயலாருடையதன்று.

மரம் தோலுக்கும், தோல் கல்நாருக்கும், கல்நார் புதிய கலவைகளுக்கும் இடம் கொடுத்து விலகின. ஒவ்வொரு மாற்றத்திலும் பயணி ஒருவரின் பாதுகாப்போடு மற்றொருவரின் நலனும் சேர்த்து எண்ணப்படலாயிற்று; முதலில் வண்டியிலிருந்தவர், பின்னர் பட்டறையிலிருந்தவர், இன்று நீரில் வாழும் உயிர். வலையிறவுப் பாலத்தின் முன் ஒரு வண்டி அமைதியாக வேகம் தணிந்து நிற்குமாயின், அதன் பின்னே நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வறிவு இருக்கின்றது. அதனைப் பயனுறச் செய்வதற்கு வண்டியின் உரிமையாளர் செய்யவேண்டுவது சிறிதே. குறித்த காலத்தில் சில்லைக் கழற்றித் தடிப்பை அளந்து பார்த்தலே அது.