கரிசல் வட்டாரத் தொடக்கப் பள்ளிகளில் குடிநீர்

கோவில்பட்டியை நடுவாக வைத்து எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு, புதூர் என்று விரியும் கரிசல் பூமி, மழையை நம்பிய மானாவாரி வட்டாரம். ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே பெய்து ஓய்ந்துவிடும். கரிசல் நனைந்ததும் உப்பி அடைத்துக்கொள்வதால் நீர் ஆழத்துக்கு இறங்குவது குறைவு. அடியில் கடினப் பாறை; அதன் வெடிப்புகளில் தேங்கும் நீர் பல ஊர்களில் உப்பு. புழங்க உப்புத் தண்ணீர், குடிக்க ஊருணியின் நல்ல தண்ணீர் என்று ஊர்மக்கள் பிரித்து வைத்திருந்தது இதனால்தான். இன்று கோவில்பட்டி நகருக்குக் குடிநீர் 40 கிலோமீட்டருக்கு அப்பால் தாமிரபரணிக் கரையிலுள்ள சீவலப்பேரியிலிருந்து வருகிறது. சுற்றுக் கிராமங்களில் பலவும் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்களையே நம்பியிருக்கின்றன.

பள்ளியில் பாதுகாப்பான, போதுமான குடிநீர் இருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ள கட்டாயம். எல்லாப் பள்ளிகளிலும் குடிநீரும் கழிப்பறையும் ஆறு மாதத்துக்குள் அமைய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012 அக்டோபரில் உத்தரவிட்டது. பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் குழாய் நீர் தர, ஜல் ஜீவன் இயக்கத்தின் கீழ் 2020 அக்டோபர் 2 அன்று நூறு நாள் முனைப்பு இயக்கம் தொடங்கியது. இவற்றால் குழாய்கள் பெருகின. அது பெரிய நன்மைதான். ஆனால் குடிநீர், கட்டடத்தைப் போல ஒருமுறை தந்துவிட்டு முடிகிற வசதி அன்று. சோற்றைப் போல அன்றாடம் தர வேண்டிய பண்டம். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் வகுத்த அடிப்படை அளவுகோல்கூட, மேம்பட்ட நீராதாரம் இருந்து கணக்கெடுக்கும் வேளையில் தண்ணீர் கிடைத்தால் போதும் என்கிறது. மறுவாரம் வந்ததா, குடிக்கும்படி இருந்ததா என்பது அந்த அளவுகோலில் தெரியாது. காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் 1956இல் இதே எட்டயபுரத்தில் தொடங்கியது. அடுப்பும் பாத்திரமும் வாங்கிவிட்டோம் என்று அந்தத் திட்டம் நின்றுவிடவில்லை. இன்றும் எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்பது நாள்தோறும் பதிவாகிறது. பள்ளித் தண்ணீருக்கும் அந்த நாள்கணக்கு வேண்டும்.

ஆற்று நீரே வந்துவிட்ட பிறகு இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். குழாயில் தண்ணீர் தினமும் வருவதில்லை. கோடையில் இடைவெளி நீளும். குழாய்த் தடத்தின் கடைக்கோடியில் இருக்கும் பள்ளிக்கு அழுத்தமும் குறைவு. கோடையில் வெடித்து மழையில் உப்பும் கரிசல், புதைத்த குழாயின் இணைப்புகளை அசைத்துக் கசியவிடுகிறது. ஓட்டம் நின்ற நேரத்தில் அந்தக் கசிவு வழியே அழுக்கு நீர் உள்ளே போகும். தொட்டியில் நாள்கணக்கில் தேங்கும் நீரில் குளோரின் குறைந்து போகிறது. வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவரட்டும் என்பது இன்னொரு வாதம். பள்ளிக்குத் தண்ணீர் வராத நாளில் அதே தெருவிலிருக்கும் வீட்டுக்கும் குழாயில் வராது. குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் வீட்டுப் பிள்ளையிடம் அதைக் கேட்பது நியாயமன்று. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது; வேறு வழி இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்கிறது. அந்த மேல் எல்லையை ஒட்டிய தண்ணீர் தரநிலைக்குச் சரி, நாக்குக்குக் கரிக்கும். பிள்ளைகள் அதைக் குடிக்காமல் தாகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தாகம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஆர்.ஓ. இயந்திரம் உப்பை நீக்கும்தான். ஆனால் உள்ளே விட்ட நீரில் கணிசமான பங்கைக் கழிவாக வெளியே தள்ளும். சவ்வு மாற்றவும் பழுது பார்க்கவும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்காவிட்டால் மூலையில் நின்றுபோகும்.

இன்னொரு வழியான கூரை மழைநீரை இந்த வட்டாரம் இன்னும் முழுதாகப் பயன்படுத்தவில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்றாலும், அது பெரும்பாலும் நிலத்துக்குள் நீரை இறக்குவதாகவே நடைமுறைக்கு வந்தது. உப்பு நிலத்தில் இறக்கிய நல்ல நீர் குடிக்கத் திரும்பக் கிடைப்பதில்லை. 150 சதுர மீட்டர் கூரையில் 600 மில்லிமீட்டர் மழை பெய்து ஐந்தில் நான்கு பங்கு சேர்ந்தாலே 72,000 லிட்டர். நூறு பிள்ளைகள் தலைக்கு ஒன்றரை லிட்டர் வீதம் 200 நாள் குடிக்க 30,000 லிட்டர் போதும். தேங்கிய மழைநீர் கெடாதா என்ற அச்சம் சரியானதே. முதல் மழையை வெளியே விடவும், தொட்டியை வெயில் படாமல் மூடவும், குளோரின் இடவும் வேண்டும். வெடிக்கும் கரிசலில் புதைத்த தொட்டி விரிசல் விடக்கூடும். தரைமேல் கட்டுவதே நல்லது. வறண்ட ஆண்டில் மழை பொய்க்கும். அப்போது குழாயும் லாரியும்தான் துணை. எந்த வழியில் வந்தாலும், காலையில் தொட்டி நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்கிறதா என்று சோதிக்கச் சில நிமிடங்கள் போதும். ஆசிரியர்களின் சுமை கூடும் என்ற மறுப்பில் உண்மை உண்டு. அந்தச் சோதனையைச் சத்துணவு மையப் பணியாளரிடம் கூடுதல் ஊதியத்தோடு ஒப்படைத்து, முடிவைச் சாப்பாட்டுக் கணக்கின் பக்கத்திலேயே எழுதலாம்.