கம்ப்யூட்டர் பிரபஞ்சத்தில் காணாமல் போகும் டார்க் மேட்டர் கட்டிகள்... நிஜமா, கணக்குப் பிழையா?

நட்சத்திரங்கள், கோள்கள், நாம் என எல்லாம் சேர்த்தாலும் பிரபஞ்சத்தில் சுமார் 5 சதவீதம்தான். டார்க் மேட்டர் எனப்படும் கரும்பொருள் சுமார் 27 சதவீதம். இது ஒளியை வீசாது, மறைக்கவும் செய்யாது. ஈர்ப்புவிசையை வைத்துத்தான் இருப்பதே தெரியும். அதனால் இதை ஆராய, சூப்பர் கம்ப்யூட்டரில் மாதிரிப் பிரபஞ்சங்களை உருவாக்குகிறார்கள். இதுதான் சிமுலேஷன்.

எப்படி உருவாக்குகிறார்கள்?

டார்க் மேட்டரை கோடிக்கணக்கான துகள்களாகப் பிரித்து, ஈர்ப்புவிசையால் அவை எப்படி நகரும் என்று கணக்கிடுவார்கள். காலம் போகப்போக அவை கட்டிகளாகச் சேரும். பால்வெளி போன்ற கேலக்ஸிகள் பெரிய கட்டிகளின் நடுவில்தான் உருவாகின்றன. அந்தப் பெரிய கட்டிகளுக்குள் குட்டிக் கட்டிகளும் சுற்றி வரும்.

சிக்கல் எங்கே?

துகளின் எடையில்தான். 2005-ல் வெளியான மில்லேனியம் சிமுலேஷனில் 1,000 கோடிக்கும் அதிகமான துகள்கள் இருந்தன. ஆனாலும் ஒரு துகளின் எடை 100 கோடி சூரியன்களுக்கும் மேல்! ஒரு கட்டியை அடையாளம் காண குறைந்தது 20 துகள்கள் தேவை. அப்படியானால் 2,000 கோடி சூரியன்களைவிட எடை குறைந்த கட்டி எதுவும் அதில் தெரியாது.

2008-ல் வெளியான அக்வேரியஸ் திட்டம், பால்வெளி அளவிலான கட்டிகளை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டது. அதன் மிக நுணுக்கமான சிமுலேஷனில் ஒரு துகளின் எடை சுமார் 1,700 சூரியன்கள். ஒரே கட்டிக்குள் சுமார் 3 லட்சம் குட்டிக் கட்டிகள் தெரிந்தன.

ஏன் காணாமல் போகின்றன?

பெரிய கட்டியை நெருங்கும் குட்டிக் கட்டியின் வெளிப்பகுதியை ஈர்ப்புவிசை உரித்தெடுக்கும். சிமுலேஷனில் பல கட்டிகள் இப்படியே முழுசாகக் கரைந்துவிடும். ஆனால் ஃபிராங்க் வான் டென் போஷ், கோ ஒகியா இருவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, இந்த அழிவில் பெரும்பகுதி செயற்கையானது என்றது. துகள்கள் போதாததும், மிக நெருங்கிய துகள்களுக்கு இடையே ஈர்ப்பைக் குறைத்துக் காட்டும் கணக்கு முறையுமே காரணம். அவர்கள் கணக்குப்படி, கட்டி இளைத்தாலும் அதன் நடுப்பகுதி பெரும்பாலும் தப்பிவிடும்.

இது ஏன் முக்கியம்?

டார்க் மேட்டர் எதனால் ஆனது என்பதற்கான துப்பு இந்த எண்ணிக்கையில் இருக்கிறது. மெதுவாக நகரும் 'குளிர்' வகை என்றால் குட்டிக் கட்டிகள் ஏராளமாக இருக்கும். வேகமான 'வெப்ப' வகை என்றால் குறைவாகவே இருக்கும்.

சிலியில் உள்ள வேரா ரூபின் வானாய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. பால்வெளியைச் சுற்றும் மங்கலான குட்டி கேலக்ஸிகளையும் அது தேடப்போகிறது. வானத்தில் எண்ணுவதை கம்ப்யூட்டர் எண்ணிக்கையோடுதான் ஒப்பிட வேண்டும். கம்ப்யூட்டரே கட்டிகளைத் தவறாக அழித்திருந்தால், டார்க் மேட்டர் பற்றி வரும் முடிவும் தவறாகிவிடும்.