206வது கடலோர டிவிஷனின் வீழ்ச்சி: சிசிலி, ஜூலை 1943

இரண்டாம் உலகப் போரில் சிசிலித் தீவின் தென்கிழக்கு முனையைக் காக்க இத்தாலியத் தரைப்படை 1942இல் அமைத்ததே 206வது கடலோர டிவிஷன். தலைமையிடம் மோதிக்கா நகர். தளபதி மேஜர் ஜெனரல் அக்கில்லே தாவெ. 122, 123, 146 ஆகிய மூன்று கடலோர ரெஜிமென்ட்டுகள் அதன் உறுப்புகள். சிராக்கூசாவுக்குத் தெற்கே ஃபனுசாவில் தொடங்கி, பச்சினோ தீபகற்பத்தைச் சுற்றி, மேற்கே புந்தா பிராச்செத்தோ வரை ஏறக்குறைய 130 கிலோமீட்டர் கடற்கரை அதன் பொறுப்பில் இருந்தது.

1943 ஜூலை 10 அன்று நேசநாட்டுப் படைகள் கரையிறங்கியபோது இந்த டிவிஷன் மூன்றே நாளில் சிதறிப்போனது. வயது முதிர்ந்த வீரர்கள், போரில் சலிப்புற்ற உள்ளூர்க்காரர்கள், அதனால் மனமின்றிப் போராடினார்கள் என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது காரணத்தைத் தவறான இடத்தில் தேடுகிறது. டிவிஷனைத் தோற்கடித்தது முதன்மையாக அதன் அமைப்பும், அதற்குப் பின்னால் இருந்திருக்க வேண்டிய படைகள் அங்கே இல்லாமற்போனதுமே.

கடலோர டிவிஷன் என்பது களப் போருக்கான படை அல்ல. இளைய வீரர்களும் நல்ல ஆயுதங்களும் ரஷ்யாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போய்விட்டன. எஞ்சியவர்களைக் கொண்டே கரைக்காவல் அமைக்கப்பட்டது. இருப்புப் படையிலிருந்து திரும்ப அழைக்கப்பட்ட அதிகாரிகள், குடும்பஸ்தர்களான சிப்பாய்கள், பழைய பீரங்கிகள், மிகக் குறைந்த வாகன வசதி: இவையே அதன் கையிருப்பு. ஓரிடத்தில் நிலைகொண்ட பட்டாலியனை இன்னோரிடத்துக்கு விரைந்து நகர்த்த வழியே இல்லை. பதுங்கு அரண்களும் முள்வேலியும் கொண்ட மெல்லிய கோடு ஒன்று, பின்னால் ஆழமின்றி, கரையோரமாக நீண்டு கிடந்தது. தரையிறக்கத்தைக் கண்டு எச்சரித்து, நகரும் படைகள் வந்து சேரும்வரை எதிரியைத் தாமதப்படுத்துவதே அந்தக் கோட்டுக்குத் தரப்பட்ட பணி.

அப்படியானால் திட்டத்தின் உயிர்நாடி அந்த நகரும் படைகளே. சிசிலியைக் காத்த இத்தாலிய ஆறாம் படையின் தளபதி ஜெனரல் குட்சோனி, தரையிறக்கம் தென்கிழக்கில் நிகழக்கூடும் என்று கருதி, ஜெர்மானிய டிவிஷன்களைக் கிழக்கே திரட்டிவைக்க விரும்பினார். ஜெர்மானியத் தளபதி கெஸ்ஸல்ரிங் அதற்கு மாறாக 15வது பான்சர்கிரெனடியர் டிவிஷனின் பெரும்பகுதியை மேற்கே அனுப்பினார். குட்சோனியின் கணிப்பே சரியாக இருந்தது. ஆனால் தாவெயின் கரைக்குப் பின்னால் அப்போது இருந்தவை இத்தாலியின் நாப்போலி டிவிஷனும் ஷ்மால்ட்சின் ஜெர்மானியக் குழுவும் மட்டுமே.

எதிரில் வந்த படையின் அளவைப் பார்த்தால்தான் இந்தக் குறை எவ்வளவு பெரிது என்பது விளங்கும். இந்த ஒரே டிவிஷனின் கரையில் பிரிட்டனின் 5, 50, 51வது டிவிஷன்களும் கனடாவின் 1வது டிவிஷனும் 231வது பிரிகேடும் கமாண்டோக் குழுக்களும் இறங்கின. ஜூலை 9 மாலையில் கடல் கொந்தளித்ததால் பல காவல்நிலைகளில் விழிப்புத் தளர்ந்திருந்தது. இரவு 10 மணியளவில் முழு எச்சரிக்கை ஆணை வந்தபோதும் காவல் வரிசையை அடர்த்தியாக்க ஆளில்லை.

மனமின்றிப் போராடினார்கள் என்ற குற்றச்சாட்டை எடைபோட டிவிஷனின் இரு எல்லைகளுக்கு அப்பால் நடந்தவை உதவுகின்றன. வடக்கே அனாப்போ ஆற்றின் மேலுள்ள பொன்தே கிராந்தே பாலத்தைக் கிளைடர்களில் வந்த பிரிட்டிஷ் வீரர்கள் இரவில் கைப்பற்றினர். மறுநாள் பிற்பகல் வரை தாக்கி அதை மீட்டவர்களில் 385வது கடலோரப் பட்டாலியனும் உண்டு. பாலத்தைத் தகர்க்க அவர்களால் முடியவில்லை. வெடிமருந்தைப் பிரிட்டிஷார் முன்பே அகற்றியிருந்தனர். சற்று நேரத்தில் கரையிலிருந்து முன்னேறி வந்த பிரிட்டிஷ் படை பாலத்தை மீண்டும் பிடித்தது. மேற்கே ஜேலாவில் 429வது கடலோரப் பட்டாலியன் கடும் உயிரிழப்புடன் போராடியது. இவர்களும் அதே வகை வீரர்களே. 206வது டிவிஷனின் பகுதியிலும் சில பீரங்கி நிலைகளும் அரண்களும் எதிர்த்துச் சுட்டன. பக்கத்து நிலை வீழ்ந்ததும் சுற்றி வளைக்கப்பட்டு ஒவ்வொன்றாக அடங்கின.

நாப்போலி டிவிஷனின் எதிர்த்தாக்குதல் பழைய பிரெஞ்சு ரெனோ டாங்கிகளோடு துண்டுதுண்டாக நடந்து முறியடிக்கப்பட்டதும், கரைக்கோட்டுக்கு இருந்த ஒரே நியாயமும் போயிற்று. ஜூலை 12 அன்று கனடியர்கள் மோதிக்காவை அடைந்தனர். தன் தகுதிக்கு ஏற்ற அதிகாரியிடமே சரணடைவேன் என்று தாவெ வலியுறுத்தினார். கனடிய டிவிஷன் தளபதி கை சைமண்ட்ஸ் அவரது சரணை ஏற்றார். டிவிஷன் அத்துடன் முடிவுக்கு வந்தது.

குறை மனவுறுதியில் இல்லை என்பதற்கு இரண்டு மாதங்களுக்குள் இன்னொரு சான்று கிடைத்தது. செப்டம்பர் 8 அன்று, நேசநாடுகளுடன் இத்தாலி செய்துகொண்ட போர்நிறுத்தத்தின் செய்தி வெளியான மாலையில், சலெர்னோ வட்டாரத்தில் 222வது கடலோர டிவிஷனின் தளபதி ஃபெரான்தே கொன்சாகா ஜெர்மானியரிடம் ஆயுதம் ஒப்படைக்க மறுத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய டிவிஷனும் சிசிலியில் வீழ்ந்ததைப் போன்றே நகர முடியாமல் கரையில் பரப்பி வைக்கப்பட்டதுதான்.