பகடை விழும் முன்

மேஜைப் போர் ஆட்டத்தில் என் இடம் மூன்றாவது ஆளுடையது. எதிரெதிரே இருவர், ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு பொம்மைச் சிப்பாய்களோடு நிற்பார்கள். நான் பக்கவாட்டில் டேப்போடு நிற்பேன். 'என் ஆள் அந்த ஜன்னல் வழியாகச் சுட முடியுமா?' என்று கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான். விதிநூலில் பதில் முழுசாக இருக்கும் நாட்கள் உண்டு. ஆனால் பாதிப் பதில் மட்டும் இருக்கும் நாட்களே அதிகம். மீதிப் பாதியை யார் சொல்வது, எப்போது சொல்வது என்கிற வழக்கு இருநூறு ஆண்டுப் பழையது. அதில் 'யார்' என்பதைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். எனக்கு 'எப்போது' என்பதுதான் முக்கியமாகப் படுகிறது.

பிரஷ்யாவிலிருந்து தொடங்க வேண்டும். அப்போது பிரெஸ்லாவ் என்று அழைக்கப்பட்ட ஊரில் அதிகாரியாக இருந்த ரைஸ்விட்ஸ், 1812-இல் மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியமுக்கு ஒரு மேஜையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மேலே மலை, ஆறு, சாலை என்று வார்த்த சதுரப் பலகைகள். அவற்றை மாற்றி மாற்றி அடுக்கினால் புதுப் புது நிலப்பரப்பு. கீழே இழுப்பறைகளில் படைக் கட்டைகள். அரண்மனையில் இளவரசர்கள் அதில் விளையாடினார்கள். அழகான பொருள்தான், ஆனாலும் அரண்மனையோடு நின்றுபோகிற பொருள்.

அதை ராணுவத்துக்குள் கொண்டுபோனவர் அவருடைய மகன். பீரங்கிப் படையில் லெப்டினன்ட். 1824-இல் அவர் அச்சிட்ட விதிகளில் மேஜை போய், எட்டாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் வரைந்த வரைபடம் வந்தது. ஒரு சுற்று என்பது போர்க்களத்தின் இரண்டு நிமிடம். இரு தரப்பும் தங்கள் உத்தரவுகளை நடுவரிடம் எழுதிக் கொடுக்கும். எதிரியின் கண்ணில் படக்கூடிய கட்டைகளை மட்டும் அவர் வரைபடத்தில் வைப்பார், மற்றவை அவர் மனதில் இருக்கும். ராணுவத் தலைமைப் பணிக்குழுவின் தலைவராக இருந்த முஃப்ளிங் ஒரு ஆட்டத்தை முதலில் அசிரத்தையாகப் பார்க்க உட்கார்ந்து, பிறகு இது பொழுதுபோக்கல்ல, போருக்கான பயிற்சியே என்று வியந்தாராம். படை முழுவதற்கும் அதைப் பரிந்துரைத்து எழுதவும் செய்தார். ஆனால் அந்த இளைஞர் 1827-இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் எனக்கு மனம் கனத்துப்போகும்.

அவருடைய பகடையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மொத்தம் ஐந்து வகைப் பகடைகள், ஒவ்வொன்றின் முகங்களிலும் இழப்புகளே எண்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு படை இன்னொன்றைச் சுடுகிறது என்று வையுங்கள். தூரம் எவ்வளவு, எதிரி திறந்த வெளியில் நிற்கிறானா, மேட்டில் இருக்கிறானா என்று நடுவர் பார்த்து, இந்தச் சூட்டுக்கு 'நல்ல விளைவு' அல்லது 'மோசமான விளைவு' என்று முடிவு செய்வார். அதன் பிறகுதான் பகடை உருளும். விழுந்த முகத்தில் இரண்டுக்கும் தனித்தனி எண் இருக்கும். அவர் சொன்ன விளைவுக்குரிய எண்ணைப் படித்து, அத்தனை இழப்பைக் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். நடுவருடைய தீர்ப்புக்கு அங்கே நிறைய இடம் இருந்தது, ஆனால் அந்த இடம் பகடைக்கு முன்னால் இருந்தது. பின்னால் வந்த பலரும் கவனிக்காமல் விட்ட நேர்மை இது.

அரை நூற்றாண்டில் அட்டவணைகள் பெருகின. எதைத் தேட எந்தப் பக்கம் என்று தெரியாமல் இளம் அதிகாரிகள் திணறினார்கள். 1876-இல் ஜெனரல் வெர்டி டு வெர்னுவா, அட்டவணையும் வேண்டாம், பகடையும் வேண்டாம், போர் பார்த்த அனுபவசாலி ஒருவர் சொல்வதே முடிவு என்றார். பிரான்ஸை வென்ற படையின் அனுபவம் சூடாக இருந்த காலம், அதனால் அந்த யோசனை எடுபட்டது. வேகம் கிடைத்தது உண்மை. ஆனால் தீர்ப்புக்கும் விளைவுக்கும் நடுவே இருந்த அந்தச் சின்ன வேலி போய்விட்டது.

வேலி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 1942 மே மாதத்தைச் சொல்வேன். மிட்வே தாக்குதலுக்கு முன்னோட்டமாக, ஜப்பானியக் கடற்படை யமட்டோ போர்க்கப்பலில் மேஜை ஆட்டம் நடத்தியது. அதில் பங்கேற்ற கடற்படை அதிகாரி ஒகுமியா, சக அதிகாரி ஃபுச்சிடாவோடு சேர்ந்து பின்னர் எழுதிய நூலில் இந்தச் சம்பவம் வருகிறது. மிட்வே தீவிலிருந்து கிளம்பிய அமெரிக்க விமானங்கள் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைத் தாக்குகின்றன. ஒகுமியா பகடை உருட்டுகிறார். ஒன்பது குண்டுகள் பட்டன, அகாகியும் காகாவும் மூழ்கின. தலைமை நடுவர் அட்மிரல் உகாக்கி குறுக்கிட்டு, ஒன்பது இல்லை, மூன்றுதான் என்கிறார். அகாகிக்கு லேசான சேதம், காகா மட்டும் மூழ்கியது. சற்று நேரத்தில், ஆட்டத்தின் அடுத்த கட்டத்தில், மூழ்கிய காகாவும் மறுபடி மிதந்து வந்து சண்டையில் சேர்கிறது. ஜூன் மாதத்தில் இரண்டு கப்பல்களும் நிஜமாகவே மூழ்கின.

உகாக்கியை வில்லனாக்கி இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நிஜப் போரில் மிட்வேயிலிருந்து வந்து உயரத்தில் பறந்த பி-17 விமானங்களின் குண்டுகள் ஒரு கப்பலிலும் படவில்லை, அந்தக் கப்பல்களை மூழ்கடித்தது அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து பாய்ந்து வந்த குண்டுவீச்சு விமானங்கள். ஆக, ஒன்பது அதிகம் என்று உகாக்கி நினைத்ததில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை ஒகுமியாவின் கையில் பகடை இருக்கும்போதே சொல்லியிருந்தால் அது நல்ல தீர்ப்பு. 'உயரத்திலிருந்து போடும் குண்டு ஓடும் கப்பலில் படுவது கடினம், வாய்ப்பைக் குறை' என்று சொல்லியிருக்கலாம். விழுந்த எண்ணைப் பார்த்த பிறகு சொன்னதால், அதே சொல் விதியைத் திருத்துவதாக ஆகிவிட்டது. காகாவை எழுப்பியதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ராணுவத்தை விட்டு வீட்டுக் கூடத்துக்கு இந்த ஆட்டம் வந்தபோது முதலில் விரட்டப்பட்டவர் நடுவர். 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' எழுதிய எச்.ஜி. வெல்ஸ், அதன் பின்னிணைப்பில் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஆட்டத்தைப் பற்றிக் குறைப்படுகிறார்: விறுவிறுப்பில்லை, எதற்கெடுத்தாலும் நடுவர் குறுக்கே நிற்கிறார் என்று. அவருடைய ஆட்டத்தில் பகடையும் கிடையாது. சுருள்வில் பொருத்திய பொம்மைப் பீரங்கியால் மரக் குச்சியைச் சுட வேண்டும், பட்டவன் விழுந்தான். முப்பது சிப்பாய்க்கு ஒரு நிமிடம், பீரங்கிக்கு ஒரு நிமிடம் என்று நேரக் கட்டுப்பாடு. வாதாட நேரமே இருக்காது.

ஆனால் கைகலப்பில் வெல்ஸுக்கும் வார்த்தை தேவைப்பட்டது. ஒரு குழுவுக்கு 'ஒரு நகர்வு' தூரத்துக்குள் அதன் பாதி எண்ணிக்கைக்காவது சொந்த ஆட்கள் இல்லையென்றால் அது தனித்துவிட்ட குழு. தனித்துவிட்ட ஒன்பது பேரைப் பதினொரு பேர் தாக்கினால், வித்தியாசம் இரண்டு. இரண்டு பேர் கைதிகள், மீதி ஏழு பேரும் சாகும்போது எதிரிகளில் ஏழு பேரைக் கொண்டுபோவார்கள். கணக்கு கச்சிதம். ஆனால் காலாட்படையின் நகர்வு ஒரு அடி, குதிரைப்படைக்கு இரண்டு அடி. நடுவே ஒரு சுவர் நின்றால் அந்த ஒரு அடியைச் சுவருக்கு மேலாக அளப்பதா, சுற்றிக்கொண்டு அளப்பதா? மேலாக அளந்தால் ஒன்பது பேருக்கும் துணை இருக்கிறது, சுற்றி அளந்தால் இல்லை. நானும் நண்பர்களும் அந்தப் பழைய விதிகளை எடுத்து விளையாடியபோது, இந்த ஒரு கேள்வியில் பீரங்கிகள் எல்லாம் காத்துக் கிடந்தன. துணைக்கு வருபவன் நடந்துதான் வர வேண்டும், அதனால் சுற்றித்தான் அளக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அன்றிலிருந்து எங்களுக்கு அதுவே விதி.

பெரிய படைகளின் ஆட்டத்தில் ஒரு பொம்மை என்பது இருபது முப்பது வீரர்கள். ஒரு தீர்ப்பு கோணலாகப் போனாலும் மூன்று மணி நேரத்தில் அது கரைந்துவிடும். ஸ்கர்மிஷ் எனப்படும் சிறு மோதல் ஆட்டத்தில் ஒரு பொம்மை ஒரே ஆள். அவனுக்குப் பெயர் இருக்கும், போன மாத ஆட்டத்தில் பட்ட காயம் இருக்கும். அவன் பீப்பாய்க்குப் பின்னால் மறைந்திருக்கிறானா இல்லையா என்ற ஒற்றைத் தீர்ப்பில் ஆட்டம் முடிந்துவிடும். அதனால்தான் சிக்கலான விதிகளெல்லாம் இங்கே வந்து குவிகின்றன.

1966-இல் மைக்கேல் கோர்ன்ஸ் என்ற அமெரிக்கர் வெளியிட்ட விதிகளில் ஒரு சுற்று இரண்டே நொடி. கள நிலவரம் முழுவதும் நடுவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அவருடைய சிப்பாயின் கண்ணுக்கு எது தெரிகிறதோ அதை மட்டும் சொல்வார். ரைஸ்விட்ஸின் நடுவர் சின்ன உருவில் திரும்பி வந்தது போலத்தான். நான் வசிக்கும் பிரிஸ்டலில், 1970-இல், ஸ்டீவ் கர்ட்டிஸ், மைக் பிளேக், இயன் கோல்வில் மூவரும் அமெரிக்க மேற்கின் துப்பாக்கிச் சண்டைக்கு விதிகள் எழுதினார்கள். தெருவில் நாலைந்து பேர், ஒவ்வொருவருக்கும் தனித் திறமை. இன்று இந்த ஊரில் யாராவது மேஜையில் மதுக்கடையும் குதிரைத் தொட்டியும் அடுக்கினால் எனக்கு அந்த மூவரின் நினைவு வராமல் இருக்காது.

அதே காலத்தில் ஃபில் பார்க்கர் வேறு வழி போனார். பழங்காலப் போர்களுக்கான அவருடைய விதிகளில், ஒரு வாக்கியத்துக்குள் விதியும் விலக்கும் விலக்குக்கு விலக்கும் இறுக்கிப் பின்னியிருக்கும். படிக்கவே முடியவில்லை என்று பலர் சலித்துக்கொண்டார்கள். நான் அவரை மதிக்கிறேன். நிதானமாகப் படித்தால், ஒரு சொல்லும் வீணாக இருக்காது. நடுவர் இல்லாத மேஜையில் இரண்டு அந்நியர்கள் சண்டை போடாமல் ஆட வேண்டுமென்றால் எழுத்து எவ்வளவு பாரம் சுமக்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நாட்டிங்காமின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1987-இல் வெளியிட்ட 'ரோக் டிரேடர்' நூலில் ஆட்டத்தை நடத்த ஒருவர் வேண்டும் என்பதே அடிப்படை. 1993-இல் அதே ஆட்டம் பெட்டியில் அடைத்து விற்பனைக்கு வந்தபோது அவர் காணாமல்போனார். பதின்வயதுப் பையன்கள் இருவர்தான் இருப்பார்கள், மூன்றாவது ஆளுக்கு எங்கே போவது? தெருக் கிரிக்கெட்டில் பேட்டிங் அணிப் பையனே அம்பயராக நிற்பது போன்ற நிலைமை. அதற்கு அந்நிறுவனம் தன் நூல்களில் ஒரு வழி சொன்னது: ஒத்துப்போகவில்லையென்றால் ஒரு பகடை போடுங்கள், நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் இவர் சொல்வது, இல்லையென்றால் அவர் சொல்வது, ஆட்டம் தொடரட்டும். அந்த மாலையைக் காப்பாற்ற இது போதும். அடுத்த வாரம் அதே கேள்வி வரும்போது வேறு எண் விழும். அதனால் நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு முறை சொன்ன தீர்ப்பைத் தேதியோடு எழுதிவிடுவேன், மறுமுறை யார் கேட்டாலும் அதே பதில்.

என் நோட்டில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: யார் யாரைப் பார்க்க முடியும். 'ரோக் டிரேடர்' நூலில் தொடங்கிய ஆட்டமான வார்ஹாமர் 40,000-இன், 2008-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, பொம்மையின் கண் மட்டத்துக்குக் குனிந்து பார், தெரிந்தால் தெரியும் என்றது. உடம்பு தெரிய வேண்டும். இறக்கை, வால், கொடி, துப்பாக்கி முனை எல்லாம் கணக்கில் இல்லை. கேட்க எளிமைதான். ஆனால் ஒரே வகைச் சிப்பாயை ஒரு சிற்பி மண்டியிட்டபடி வடித்திருப்பார், இன்னொரு சிற்பி வாளை ஓங்கிப் பாறை மேல் நிற்கவைத்திருப்பார். மண்டியிட்டவன் வேலிக்குப் பின்னால் முழுசாக மறைவான். பாறை மேல் நிற்பவன் பாவம், எங்கிருந்தும் தெரிவான். அழகான பொம்மையை வாங்கியவர் தோற்பார்.

ஸ்பெயினின் கோர்வஸ் பெல்லி 2005-இல் கொண்டுவந்த 'இன்ஃபினிட்டி' ஆட்டம் இதற்கு நல்ல தீர்வு கண்டது. 2014-இன் மூன்றாம் பதிப்பிலிருந்து, ஒவ்வொரு வகை உருவத்துக்கும் நிர்ணயிக்கப்பட்ட உயரமும் அகலமும் உண்டு. பொம்மை எந்தக் கோலத்தில் நின்றாலும் அதன் இடத்தில் அந்த அளவுள்ள அட்டையை வைத்துப் பார்த்தால் போதும். அந்த ஆட்டத்தின் உயிர் இன்னொரு விதியில் இருக்கிறது. என் ஆள் நகர்கிறான் என்று நான் அறிவித்ததும், அவனைப் பார்க்கிற எதிரிகள் எல்லோரும் தங்கள் பதிலை அறிவிக்க வேண்டும். பிறகு நான் என் இரண்டாவது செயலைச் சொல்வேன். எல்லாம் ஒரே கணத்தில் நடந்ததாகக் கொண்டு, அதன் பிறகே சுடும் தூரத்தை அளந்து பகடை உருட்ட வேண்டும். இரண்டு சுவர்களுக்கு நடுவே இரண்டு அங்குல இடைவெளியை ஒருவன் ஓடிக் கடக்கும்போது அவனை எந்தப் புள்ளியில் சுடுவது என்பதற்கு மட்டும் நான் அரை மணி நேரம் வாதம் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த வாதம் முழுவதும் பகடையைத் தொடும் முன்பே நடந்தது. இருவருக்கும் விளைவு தெரியாது, அதனால் இருவரும் விதியைப் பற்றித்தான் பேசினார்கள்.

இப்போது போட்டி நடத்துபவர்கள் பலர், எந்தக் கட்டடத்துக்குள் நுழையலாம், எந்தக் காடு பார்வையை மறைக்கும் என்பதை முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் கிளப்பில் அச்சடிக்கும் வழக்கமில்லை. ஆட்டம் தொடங்கும் முன் இருவரையும் கூட்டிக்கொண்டு மேஜையைச் சுற்றி வருவேன். இந்த வேலிக்கு மேலே தலை தெரியுமா, இந்தக் கூரையில் ஏறலாமா, ஏணிக்கு எத்தனை அங்குலம் என்று ஒவ்வொன்றாகக் கை வைத்துக் கேட்பேன். இருவரும் சரி என்று சொன்னதை நோட்டில் எழுதி, பக்கத்தைத் திறந்தபடியே மேஜை ஓரத்தில் வைப்பேன். அதற்குப் பிறகுதான் பகடைப் பையைக் கொடுப்பேன்.