மீள்வெளியீடும் மன்னார்க் கரையும்

பழையதைப் பேணுதல் குற்றமற்ற பணி என்றே நாம் எல்லோரும் கருதி வந்துள்ளோம். மறைந்துபோன ஒரு நூலையோ பாடலையோ தேடி எடுத்து மீண்டும் வெளியிடுபவருக்கு நன்றி கூறுகின்றோம்; அதை வாங்கிச் சேர்ப்பவரைச் சுவைஞர் என்று போற்றுகின்றோம். இரண்டும் நியாயமானவையே. ஆயினும் எது மீண்டும் வெளிவருகின்றது, யாரால், யாருடைய ஆதாயத்துக்காக என்ற வினாக்களை எழுப்பும்போதுதான் பேணுதலின் பின்னாலுள்ள பொருளாதார உண்மை புலனாகும். ஏடுகளையும் அச்சையும் பற்றி இவ்வினாக்களை நம் ஆராய்ச்சியாளர் பலமுறை எழுப்பியுள்ளனர். ஒலியைப் பற்றி எழுப்பியது மிகக் குறைவு. மன்னார்க் கரையில் நின்று அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1982ஆம் ஆண்டு ஜப்பானில் இறுவட்டு முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. பன்னிரண்டு சென்ரிமீற்றர் விட்டமுள்ள அந்தத் தட்டு இசை வணிகத்தின் போக்கையே மாற்றியது. புதிய பாடகரைத் தேடிச் செலவிடாமல், களஞ்சியத்திலே கிடந்த பழைய மூலநாடாக்களை எடுத்து, இரைச்சல் நீக்கி, மீண்டும் விற்கும் வழி நிறுவனங்களுக்குத் திறந்தது. ஐம்பதுகளின் ஜாஸ், அறுபதுகளின் சோல், எழுபதுகளின் றொக் ஆகிய அனைத்தும் புதிய உறைகளில் வெளிவந்தன. ஒரே தொகுதி முதலில் ஒருமுறை, சீராக்கப்பட்ட பதிப்பாக மறுமுறை, கைவிடப்பட்ட பாடல்களைச் சேர்த்து மூன்றாம் முறை என விற்கப்பட்டது. பீற்றில்ஸ் குழுவின் தொகுதிகள் 1987இல் இறுவட்டாயின. 2009இல் சீராக்கப்பட்டு மீண்டும் வந்தன. இவற்றை வரிசை தவறாது சேர்ப்போர் உலகெங்கும் உள்ளனர். எந்தப் பதிப்பு மூலநாடாவுக்கு நெருக்கமானது, எந்தக் கூடத்தில் எந்தக் கலைஞர் உடனிருந்தார் என்று அவர்கள் காட்டும் நுணுக்கம், ஓலைச்சுவடிகளில் பாடபேதம் தேடும் பதிப்பாசிரியரின் நுணுக்கத்துக்குச் சற்றும் குறைந்ததன்று. அந்த உழைப்பை எள்ளி நகையாடுதல் தகாது.

ஆனால் அந்த இசையின் பிறப்பை நோக்குவோம். மிசிசிப்பிப் பருத்தி வயல்களிலே பிறந்த றொபேட் ஜோன்சன் என்ற கறுப்பினப் பாடகர் 1936இலும் 1937இலும் டெக்சாஸ் மாநிலத்தில் 29 பாடல்களைப் பதிவு செய்தார். 1938இல், 27ஆவது வயதில், வறியவராகவே இறந்தார். 1961இல் அப்பாடல்கள் நீளிசைத்தட்டாக மீண்டும் வந்தபோது இங்கிலாந்து இளைஞர் அவற்றைக் கேட்டுத் தம் றொக் இசையை வளர்த்தெடுத்தனர். 1990இல் முழுத்தொகுப்பாக வெளிவந்த இறுவட்டுகள் பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்றன. அவருடைய மகன் சரளைக்கல் லொறி ஓட்டிப் பிழைத்தவர். தந்தையின் சொத்துக்கு அவரே வாரிசு என்பதை மிசிசிப்பி உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது 2000ஆம் ஆண்டில். பாடியவன் மறைந்து அறுபத்திரண்டு ஆண்டுகள் சென்றபின்!

றூத் பிறவுண் என்ற பாடகியின் வரலாறும் இத்தகையதே. ஐம்பதுகளில் அத்லாண்டிக் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்கு அவருடைய குரல் பெருந்துணை புரிந்தது. பின்னர் அவர் வீட்டுவேலை செய்தும் பாடசாலைப் பேருந்து ஓட்டியும் வாழ நேர்ந்தது. தட்டுகள் விற்றுக்கொண்டிருக்க, நிறுவனத்தின் கணக்கேடு அவரைக் கடனாளி என்றே காட்டியது. அவரும் அவருடைய வழக்கறிஞரும் நடத்திய நெடும் போராட்டத்தின் விளைவாக 1988இல் நிறுவனம் கணக்கைத் திருத்தி உரிமைப்பணம் வழங்க இசைந்தது. முதிய கலைஞர்களுக்கு உதவும் அறநிறுவனம் ஒன்றும் தோன்றியது. மீள்வெளியீடு தானாக நீதி வழங்கவில்லை என்பதையும், போராடியபோது அது நீதிக்கான கருவியாகவும் ஆயிற்று என்பதையும் இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒருங்கே உணர்த்துகின்றன.

இவர்களுக்கு ஒரு முதல்வெளியீடாவது இருந்தது. வஞ்சிக்கப்பட்டாலும் குரல் தட்டிலே பதிந்திருந்தது. முதல்வெளியீடே கிட்டாத மக்களின் நிலை என்ன? இவ்விடத்தில் நம் கரைக்கு வருவோம்.

மன்னாரின் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய கரைகளில் நடைபெற்ற முத்துச்சலாபம் உலகப் புகழ்பெற்றது. பாரிஸ் நகரத்து அரங்கிலே 1863 செப்டெம்பர் 30ஆம் நாள், ஜோர்ஜ் பிஸே என்ற 24 வயது இசையமைப்பாளரின் 'முத்துக்குளிப்போர்' என்ற இசைநாடகம் அரங்கேறியது. அதன் களம் இலங்கை. ஆயினும் அக்கதையை எழுதியோர் முதலில் வகுத்த களம் மெக்சிக்கோ என்பதையும், பின்னரே அது இலங்கைக்கு மாற்றப்பட்டது என்பதையும் அறியும்போது, ஐரோப்பிய அரங்குக்கு நம் கரை எவ்வளவு தேவைப்பட்டது என்பது விளங்கும். திரைச்சீலையில் தீட்டத் தூரதேசக் கடல் ஒன்று வேண்டும். அது எக்கடலாயினும் ஒன்றே. அந்நாடகத்திலே இரு நண்பர் சேர்ந்து பாடும் பாடலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கறூசோ பதிவு செய்தார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் பியோர்லிங்கும் மெரிலும் பதிவு செய்தனர். இன்றுவரை இறுவட்டிலே திரும்பத் திரும்ப வெளிவரும் புகழ்பெற்ற பதிவுகள் இவை.

உண்மையான முத்துக்குளிப்போர் யாவர்? கீழக்கரை, தூத்துக்குடிக் கரைகளிலிருந்தும், பாரசீக வளைகுடாவிலிருந்தும், நம் ஊர்களிலிருந்தும் வந்த தமிழரும் முஸ்லிம்களும் அராபியருமான உழைப்பாளர். கல்லைக் காலிலே மாட்டி, மூச்சை அடக்கி, கயிறு பிடிப்பவனை நம்பிக் கடலடிக்கு இறங்கியவர். அவர்கள் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. மூன்றில் ஒரு பங்கே அவர்களுக்கு. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குக் கிடைத்த வருமானம் சுமார் 25 இலட்சம் ரூபா. மறு ஆண்டே பிரித்தானிய முதலாளிகளின் கம்பனி ஒன்றுக்குச் சலாபம் இருபது ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் கடலும் வறண்டது, கம்பனியும் சரிந்தது.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. 1905இல் ஒலிப்பதிவுக் கருவி உலகில் இல்லாமல் இல்லை. 1902இலேயே இலண்டன் கிராமபோன் கம்பனியின் பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்துவிட்டார். ஆனால் இசைத்தட்டு வாங்கும் வசதியுள்ளவர் விரும்பும் குரலையே கம்பனி தேடும். படகிலே கயிறு இழுப்பவனின் பாட்டைத் தேடி அது அரிப்புக்கு வருவதற்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை. ஏகாதிபத்தியத்தின் ஏட்டிலே சிப்பிகள் எண்ணப்பட்டன. எடுத்தவனின் குரலுக்கு அந்த ஏட்டிலே பத்தி இல்லை.

இதனை இயற்கை நியதி என்று கொள்ளுதல் தவறு. மிசிசிப்பியின் பார்ச்மன் சிறைப்பண்ணையிலே 1959இல் கைதிகள் கோடரியால் விறகு வெட்டிக்கொண்டே பாடிய பாடலை அலன் லோமாக்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் ஒலிநாடாவிலே பதிந்தார். விற்பனைக்காக அன்று; மக்களின் கலை அழியக்கூடாது என்பதற்காக. 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு திரைப்படத்தில் அப்பதிவு இடம்பெற்றது. படத்தின் இசைத் தொகுதி இறுவட்டாகப் பல இலட்சக்கணக்கில் விற்றது. அன்று முன்பாட்டுப் பாடிய ஜேம்ஸ் காட்டர் என்ற கைதியைத் தேடிக் கண்டுபிடித்து, 2002இல் 20,000 டொலர் உரிமைப்பணம் கையளித்தனர். தாம் அப்பாடலைப் பாடியதே அந்த முதியவருக்கு நினைவில் இல்லை. அவர் மறந்ததை ஒலிநாடா மறக்கவில்லை. பாடியவரின் பெயர் குறிக்கப்பட்டிருந்தமையாலேயே உரிமை அவரைச் சென்றடைந்தது.

கரைவலை இழுக்கும்போது நம் கரையிலே பாடப்படும் அம்பாப் பாடல் இவ்விறகுவெட்டும் பாடலின் உடன்பிறப்பு எனலாம். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் ஒருமித்து ஏற்றுப்பாட, அந்த மூச்சின் அளவிலே வலை நகரும். வலை சம்மாட்டியுடையது, பாட்டு இழுப்பவருடையது. இழுவைப் பொறி வந்த துறைகளிலே கைகளோடு பாட்டும் ஓய்ந்தது. உழைப்பு எளிதானதை நாம் வருந்த வேண்டியதில்லை. அந்த உழைப்பின் மொழி பதியப்படாமலே போவதுதான் வருந்தத்தக்கது.

மன்னாருக்கு மீள்வெளியீடே வாய்க்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரு பாங்குகளில் கத்தோலிக்க மக்கள் ஆடிவந்த நாடகங்கள் தலைமுறை தலைமுறையாக ஏடுகளிலே கிடந்தன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவற்றை அச்சேற்ற முன்வந்தார். 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' 1964இலும், 'மூவிராசாக்கள் நாடகம்' 1966இலும், 'ஞானசவுந்தரி நாடகம்' 1967இலும் அவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்தன. கூத்தைப் படியாதவன் பொழுதுபோக்கு என்று படித்தவர் ஒதுக்கிய காலம் அது. அக்காலத்தில் இப்பதிப்புகள் ஆற்றிய தொண்டு சிறிதன்று. மீனவனும் கமக்காரனும் காத்த கலை பல்கலைக்கழக நூலகத்தின் அடுக்கிலே இடம்பெற்றது.

எனினும் அச்சு சொல்லைக் காக்கும், இராகத்தைக் காக்காது. ஓர் அடி எந்தச் சுருதியில் எழுகின்றது, பிற்பாட்டுக்காரர் எங்கே ஏற்கின்றனர், மத்தளம் எங்கே அடங்குகின்றது என்பதை அண்ணாவியாரின் நெஞ்சன்றி வேறெந்த ஏடும் அறியாது. அவர் மறைந்தால், நூல் இருக்கப் பாட்டு மறையும். ஜாஸ் இசையின் ஒரு நிமிடத்தை மூன்று பதிப்புகளில் ஒப்பிட்டுக் கேட்கச் சுவைஞருக்கு வாய்ப்புள்ள உலகிலே, விடியவிடிய ஆடிய ஒரு நாடகத்தின் ஒரு பதிவேனும் கிட்டாத ஊர்களும் உள்ளன.

ஒலிநாடாப் பேழை மலிவாகக் கிடைத்த எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மக்களே தம் குரலைப் பதியக்கூடிய நிலை தோன்றியது. அதே காலத்தில் போர் வந்தது. மன்னார்க் கரையிலிருந்து தமிழர் வள்ளமேறி இராமேசுவரம் சென்று முகாம்களில் அடைந்தனர். 1990 ஒக்டோபரில் மன்னார்த்தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டி போன்ற தொன்மையான ஊர்கள் வெறுமையாயின. உடுத்த துணியோடு புறப்பட்டவர் ஒலிப்பேழையையா சுமந்திருப்பர்? ஒரு சமூகம் இடம்பெயரும்போது அதன் நாட்டார் பாடலும் தாலாட்டும் அகதியாகின்றன. அவற்றைத் திருப்பியழைக்க எந்த நிறுவனமும் வராது. அங்கே இலாபம் இல்லை.

ஆகவே இப்பணி நம்முடையது. இதற்குப் பெருநிதி வேண்டும் என்பது இன்று பொருந்தாத வாதம். மாணவரின் கையிலுள்ள தொலைபேசியே போதிய பதிவுக்கருவி. வேண்டியவை ஒழுங்கும் நேர்மையுமே. பாடியவரின் பெயர், ஊர், தொழில், பதிவுசெய்த நாள் ஆகியன ஒவ்வொரு பதிவோடும் குறிக்கப்படல் வேண்டும். பாடியவரின் இசைவு பெறப்படல் வேண்டும். ஒரு படி அவருடைய குடும்பத்திடமும், ஒன்று பாடசாலையிலும், ஒன்று ஊர் நூலகத்திலும் இருத்தல் வேண்டும். கத்தோலிக்கரின் ஒப்பாரி, சைவரின் கும்மி, முஸ்லிம்களின் தாலாட்டு ஆகிய மூன்றும் ஒரே பேரேட்டிலே இடம்பெறல் வேண்டும்; ஒரு சாராரின் குரலை மட்டும் பதிவது இன்னொரு வெளியேற்றமாகும்.

இறுவட்டு அடுக்குகளின் முன் நிற்கும் சுவைஞரை நாம் பழிக்க வேண்டியதில்லை. அவர் காட்டும் அக்கறையை, அந்த அடுக்கிலே இடம்பெறாத குரல்களிடத்தும் காட்டுமாறு கேட்போம். மீள்வெளியீடு நாளைய வேலை. முதல்வெளியீடு இன்றைய வேலை. அடியெடுத்துக் கொடுக்கும் முதியவர் இன்னும் கரையில் இருக்கின்றார். ஏற்றுப்பாட நாம் அணியில் நிற்கின்றோமா என்பதே வினா.