மருந்தின் கடைசி வாயில்

நோய் தீர்க்கும் பணியை ஆராய்ந்த வள்ளுவர் பெருமான் அதற்கு நான்கு உறுப்புகளை வகுத்தார். நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு, அருகிலிருந்து தொண்டு புரிபவனையும் நான்காவதாகச் சேர்த்தெண்ணினார். மருத்துவர் மருந்தை எழுதுகிறார். ஆலை அதனைச் செய்கிறது. ஆயினும் மருத்துவமனையில் அது நோயாளியின் உடலுள் புகும் கடைசி வாயிலில் நிற்பவர் செவிலியரே. அவ்வாயிலுக்குக் காவல் எவ்வாறு ஏற்பட்டது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நம் நாட்டில் செவிலியர் பயிற்சியின் தொடக்கம் சென்னையோடு பிணைந்தது. 1854-இல் மகப்பேற்றுத் துணைவியருக்கும், 1871-இல் அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியருக்கும் இங்கே பயிற்சி தொடங்கியது. 1909-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் செவிலியர் பள்ளி நிறுவினார். 1946-இல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. அக்காலத்தார் தாதி என்றழைத்தவர், மருந்தின் குணத்தையும் அளவையும் கற்றறிந்த செவிலியராக உயர்ந்த வரலாறு இதுவே.

ஆலை என்னும் முதல் வாயிலுக்குக் காவல் தாமதமாகவே வந்தது. கலப்பட மருந்துகள் பெருகியமையால், 1930-இல் கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அமெரிக்காவில் 1937-இல் ஒரு மருந்துநீர் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அதிலிருந்த மருந்து நல்லதே. அதனைக் கரைக்கப் பயன்பட்ட டைஎதிலீன் கிளைக்கால் என்னும் இனிப்பான திரவமே நஞ்சு. அது சிறுநீரகத்தைச் சிதைப்பது. 1940-இல் இந்தியாவில் மருந்துச் சட்டம் பிறந்தது; 1945-இல் விதிகள் வந்தன. இன்று மருந்துப் புட்டியில் தொகுதி எண்ணும், காலாவதி நாளும், செய்தவர் பெயரும் காண்கிறோமே, அவை இச்சட்டத்தின் வழி வந்தவை.

சட்டம் வந்ததும் துன்பம் ஒழிந்ததோ? இல்லை. 1972-இல் அதே நஞ்சு சென்னையில் குழந்தைகளின் உயிரைக் குடித்தது. 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில், நஞ்சு கலந்த கிளிசரினால் 14 நோயாளிகள் மாண்டனர். நீதிபதி லெண்டின் அதனை விசாரித்தார். 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் அந்நஞ்சு 48.6 விழுக்காடு இருந்ததாகத் தமிழக அரசின் ஆய்வு கண்டது. மத்தியப் பிரதேசத்தில் அம்மருந்தை உண்ட குழந்தைகள் பலர் இறந்தனர். முதல் வாயிலின் காவல் தளருமாயின், நோயாளியின் சிறுநீர் குறைவதை அளந்து குறித்து, உடனே மருத்துவரிடம் உரைக்கும் செவிலியரின் விழிப்பே எஞ்சிய அரணாகும்.

நல்ல மருந்தும் தவறாகத் தரப்படின் நஞ்சேயாகும். ஆகவே உரிய நோயாளி, உரிய மருந்து, உரிய அளவு, உரிய வழி, உரிய வேளை என்னும் ஐந்தையும் செவிலியர் சரிபார்த்தல் வேண்டும் என்பர். இன்சுலினையே எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லி லிட்டரில் 40 யூனிட் உடையதும் உண்டு. 100 யூனிட் உடையதும் உண்டு. 40-க்கென அமைந்த ஊசிக்குழலில் 100-இன் மருந்தை ஏற்றினால், நோயாளி பெறுவது இரண்டரை மடங்கு! ஒரு புள்ளியும் அத்தகையதே. 1.0 என்று எழுதினால், புள்ளி மங்கியவிடத்து அது 10 ஆகிவிடும். ஆதலால் 1 என்றே எழுதுக, அரையை 0.5 என எழுதுக என்பது விதி. உலகச் சுகாதார நிறுவனமும் 2017-இல், மருந்தினால் விளையும் கடுந்தீங்கை ஐந்தாண்டில் பாதியாக்குவோம் என உலகை அழைத்தது.

இவை ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதி மாணவர்க்குத் தனிப்பொருள் உடையவை. 1965 வரை சேலம் மாவட்டத்தின் எல்லைப்புறமாயிருந்த இந்நிலம், சிப்காட் தொழிற்பேட்டையால் ஆலை நகரமாயிற்று. மருந்து செய்யும் ஆலைகளும் இங்குண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்க, வடநாட்டுத் தொழிலாளரும் வந்து கலந்துள்ளனர். இத்தகைய ஊரின் மருத்துவமனையில், "நீங்கள் முனியப்பாதானே?" என்று கேட்டால், மொழி புரியாதவரும் தலையசைத்துவிடுவார். "உங்கள் பெயர் என்ன?" என்று அவர் மொழியிலேயே கேட்டு, அவர் வாயால் சொல்லக் கேட்டபின் மருந்தளிப்பதே முறை. பக்கத்து வீட்டாரின் மொழியைக் கற்பதும் இங்கே உயிர்காக்கும் கல்வியன்றோ!

உங்களுள் சிலர் நாளை மருந்து ஆலையில் சோதனைக்கூடத்தில் நிற்பீர்கள். சிலர் செவிலியராய் நோயாளியின் கட்டிலருகே நிற்பீர்கள். நீங்கள் கற்கப்போகும் விதிகளுள் பல, மாண்டவர் விட்டுச்சென்ற பாடங்கள் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஐயம் எழுந்தால் கை நிற்கட்டும். மூத்தவரைக் கேட்ட பின்னரே மருந்து செல்லட்டும். அவ்வாறு கேட்பது அறியாமை ஆகாது, அதுவே கடமை.